உள்ளாட்சிகளிலும் பள்ளிகளிலும் இணையத் தாக்குதல்: உதவி பெறும் வழிகள்

இணையப் பாதுகாப்பு நிகழ்வு என்பது ஓர் அலுவலகத்தின் கணினி, வலைப்பின்னல், இணையக் கணக்கு, தரவு ஆகியவற்றுள் எதுவும் உரியவரின் அனுமதியின்றித் திறக்கப்படுவதையோ, மாற்றப்படுவதையோ, திருடப்படுவதையோ, முடக்கப்படுவதையோ குறிக்கும். வங்கிகளும் பெரிய மென்பொருள் நிறுவனங்களும் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. நகராட்சிகள், ஊராட்சிகள், அரசுப் பள்ளிகள் ஆகியவற்றில் அப்படி யாரும் இருப்பதில்லை. கணினி இயக்குபவர் ஒருவர் இருப்பார், அல்லது கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பார்.

திருப்பூர் மாவட்டத்தின் பல்லடத்தை எடுத்துக்கொள்ளலாம். விசைத்தறிக்கும் கறிக்கோழிக்கும் பெயர்பெற்ற இந்த ஊரில் ஒரு நகராட்சி, ஓர் ஊராட்சி ஒன்றியம், அதன்கீழ் கரைப்புதூர், கணபதிபாளையம், பூமலூர் போன்ற ஊராட்சிகள், அரசுப் பள்ளிகள், தனியார் பள்ளிகள் எல்லாம் உண்டு. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, மாணவர் விவரம் என இவற்றின் அன்றாடப் பணி முழுவதும் கணினிக்குள் போய்விட்டது. ஒருநாள் காலை அந்தக் கணினி திறக்கவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? இதற்கு ஒரே விடை கிடையாது. பணம் போயிருந்தால் ஒரு இடம், கணினி முடங்கியிருந்தால் ஒரு இடம், குற்றத்தைப் பதிவு செய்ய இன்னொரு இடம் என உதவி பிரிந்து கிடக்கிறது. அழிந்த கோப்பைத் திருப்பித் தரும் பொறுப்பு மட்டும் இவற்றில் எதற்கும் இல்லை. அது அலுவலகத்தின் காப்புநகலைப் பொறுத்தது.

வயநாட்டு ஊராட்சியில் நடந்தது

உள்ளாட்சி அலுவலகம் ஒன்று இப்படிச் சிக்கிய நிகழ்வு கொங்கு நாட்டுக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. 2017 மே 12, வெள்ளிக்கிழமை அன்று வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. ரான்சம்வேர் எனப்படும் இவ்வகைத் தீநிரல், கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டி, திறக்கும் சாவிக்குப் பணம் கேட்கும். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலை கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் தரியோடு ஊராட்சி அலுவலகத்தைத் திறந்தவர்கள், கணினிகளில் பணம் கேட்கும் அறிவிப்பைக் கண்டனர். 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தர வேண்டும் என்றது அது. பத்தனம்திட்டை மாவட்டத்தின் அருவாப்புலம் ஊராட்சியிலும் இதே நிலை. மறுநாள், கோவையிலிருந்து வாளையார் தாண்டியதும் வந்துவிடும் பாலக்காட்டில், ரயில்வே கோட்ட அலுவலகத்தின் கணினிகள் சிலவும் பூட்டப்பட்டன.

இந்த ஊராட்சிகளை யாரும் குறிவைத்துத் தாக்கவில்லை. விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, வலைப்பின்னல் வழியே எட்டிய கணினிகளிலெல்லாம் தானாகவே தொற்றிச் சென்ற நிரல் அது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. அதை நிறுவியிருந்த கணினிகளை வன்னாக்ரையால் தொட முடியவில்லை. லினக்ஸ் கணினிகளையும் அது தொடவில்லை.

‘நம்ம ஊராட்சியில என்ன இருக்குன்னு ஹேக் பண்ணப் போறாங்க’ என்ற பேச்சு பல அலுவலகங்களில் உண்டு. தரியோட்டில் நடந்ததே அதற்குப் பதில். திறந்து கிடக்கும் கதவு எந்த வீட்டுக் கதவு என்று தானியங்கி நிரல் பார்ப்பதில்லை.

தலைமைச் செயலகமும் எய்ம்ஸும்

பெரிய அலுவலகங்களும் தப்பவில்லை. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கணினிகள் பணயத் தீநிரலால் பூட்டப்பட்டன. மறைநாணயமாக 1,950 டாலர் கேட்கப்பட்டது. ஒரு மாநில அரசின் துறையிடம் கேட்ட தொகை இவ்வளவு சிறியதாக இருந்ததே கவனிக்கத்தக்கது. யாரிடம் கேட்கிறோம் என்பது கேட்டவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம்தான்.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை தாக்கப்பட்டது. 5 சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு நோயாளிப் பதிவு முதல் ஆய்வக முடிவு வரை எல்லாம் கையால் எழுதப்பட்டன. வலைப்பின்னல் முறையாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம் எனச் சொல்லப்பட்டது. ஓர் அறைக்குள் புகுந்தவர் மற்ற எல்லா அறைகளுக்கும் போக முடிந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மருத்துவமனையின் தரவு மீண்டதற்குக் காரணம், தாக்குதல் எட்டாத ஒரு காப்பு சர்வர் இருந்ததுதான்.

முதல் ஒரு மணி நேரம்

சிறு அலுவலகங்களில் கணினி கோளாறானால் வழக்கமாக நடப்பது, கடைத்தெருவில் உள்ள கணினி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுவது. அவர் வந்து பார்த்துவிட்டு ‘வைரஸ் சார், ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்’ என்பார். இணையத் தாக்குதலில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு இதுதான். ஃபார்மட் செய்தால் தாக்கியவர் எப்படி உள்ளே வந்தார் என்ற தடயம் போய்விடும். பூட்டப்பட்ட கோப்புகளும் போய்விடும். இன்று திறக்க முடியாத கோப்புக்குப் பின்னாளில் சாவி கிடைக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், பூட்டிய கோப்பையும் எடுத்து வைக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கணினியை வலைப்பின்னலிலிருந்து பிரிப்பது. லேன் கேபிளைப் பிடுங்கி வைஃபையை நிறுத்தினால் போதும். மின்சாரத்தை நிறுத்த வேண்டியதில்லை; கணினியின் தற்காலிக நினைவகத்தில் உள்ள தடயங்கள் அணைத்தால் அழிந்துவிடும். பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் ஏதேனும் செருகியிருந்தால் கழற்றிவிட்டு, அவற்றை வேறு எந்தக் கணினியிலும் செருகாமல் வைக்க வேண்டும். திரையில் தெரியும் அறிவிப்பைக் கைப்பேசியால் படமெடுக்க வேண்டும். பிறகு, தொற்றாத வேறொரு கணினியிலிருந்து முக்கியக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். எத்தனை மணிக்கு யார் எதைப் பார்த்தார், என்ன செய்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. பின்னால் வரும் எல்லா விசாரணைக்கும் அந்த நோட்டுதான் முதல் ஆவணம்.

பணம் போனால்: 1930

ஊராட்சிக் கணக்கிலிருந்தோ பள்ளிக் கணக்கிலிருந்தோ பணம் போயிருந்தால், மற்ற எதற்கும் முன்பு 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் உதவி எண் இது. முன்பு 155260 ஆக இருந்தது. 2019 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பட்ட தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் இதே புகாரைப் பதியலாம்.

இது செயல்படும் விதம் தெரிந்தால் ஏன் அவசரம் என்பது விளங்கும். அழைப்பு வந்ததும் பணம் சென்ற வங்கிக்குக் கணினி வழியே தகவல் போகிறது. அந்த வங்கி தொகையை நிறுத்தி வைக்கிறது. பணம் அதற்குள் அடுத்த வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் பின்தொடர்ந்து போகும். ஆனால் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டால் நிறுத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி ஒப்புதல் வாங்கிப் புகார் கொடுக்கலாம் என்று காத்திருப்பது பணத்தைக் கைகழுவுவதற்குச் சமம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம், கணக்கு எண் ஆகிய நான்கும் கையில் இருந்தால் புகார் விரைவாக முடியும். வங்கிக் கிளைக்கும் அதே வேளையில் சொல்ல வேண்டும்.

உள்ளாட்சிகளில் பணம் போகும் வழி பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஒப்பந்ததாரரின் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்’. இதற்கு மருந்து எளியது. மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கோப்பில் ஏற்கெனவே உள்ள எண்ணில் அந்த ஒப்பந்ததாரரை அழைத்துக் கேட்டால் போதும். மற்றொன்று, பணம் விடுவிக்கும் அதிகாரம் கொண்ட மின்னணுக் கையெழுத்துச் சாவியையும் அதன் கடவுச்சொல்லையும் கணினி இயக்குபவரிடமே விட்டுவைக்கும் பழக்கம். வசதிக்காகச் செய்வது இது. ஆனால் வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

காவல் நிலையம்

தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் இணையக் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. திருப்பூரில் மாநகரக் காவல் தனி, மாவட்டக் காவல் தனி. பல்லடம் மாவட்டக் காவலின் எல்லைக்குள் வருவதால், புகார் மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்துக்குச் செல்லும். எல்லை தெரியாமல் அலைய வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி இவ்வழக்குகளை ஆய்வாளர் அல்லது அதற்கு மேற்பட்டவரே புலனாய்வு செய்ய வேண்டும்.

செர்ட்-இன்னும் 6 மணி நேர விதியும்

இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழு, சுருக்கமாக செர்ட்-இன், 2004 முதல் இயங்கும் தேசிய அமைப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு இதற்குச் சட்ட அதிகாரம் தருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இது வெளியிட்ட உத்தரவின்படி, நிகழ்வு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் தர வேண்டும். நிறுவனங்களுக்கு மட்டும் உள்ள விதி என்று பலர் நினைக்கிறார்கள். உத்தரவில் அரசு அமைப்புகள் என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. இணையதளம் சிதைக்கப்படுவது, தீநிரல் தொற்று, தரவுக் கசிவு, கணக்கு திருடப்படுவது எல்லாம் அதன் பட்டியலில் அடங்கும். 1800-11-4949 என்ற கட்டணமில்லா எண்ணிலும் மின்னஞ்சலிலும் தகவல் தரலாம். 6 மணி நேரத்துக்குள் எல்லா விவரமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்ததை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பின்னர் தரலாம்.

அதே உத்தரவு, கணினி அமைப்புகளின் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. கணினிக் கடிகாரங்களை தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தி வைக்கவும் சொல்கிறது. கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று தோன்றலாம். இரண்டு கணினிகளின் நேரம் பத்து நிமிடம் மாறியிருந்தால், தாக்கியவர் எதில் முதலில் நுழைந்தார் என்பதைச் சொல்ல முடியாமல் போகும்.

செர்ட்-இன் தொழில்நுட்ப ஆலோசனை தரும், பிற அமைப்புகளை எச்சரிக்கும். பல்லடத்துக்கு ஆள் அனுப்பிக் கணினியைச் சரிசெய்து தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நேரில் உதவக்கூடியவர் அருகிலேயே இருக்கிறார். பல்லடம் சாலையில் உள்ள திருப்பூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தேசியத் தகவலியல் மையத்தின் மாவட்டத் தகவலியல் அலுவலர் இருப்பார். மாநில அளவில் எல்காட் நிறுவனமும் தமிழ்நாடு மின்னாளுமை முகமையும் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் வெளியான தமிழ்நாடு இணையப் பாதுகாப்புக் கொள்கை, மாநிலத்துக்கென செர்ட்-டிஎன் என்ற குழுவை வகுத்தது. வரி வசூல், மாணவர் விவரம் போன்ற மாநிலத் தளங்களில் பாதிப்பு தெரிந்தால் அந்தத் துறையின் தலைமையகத்துக்கும் உடனே சொல்ல வேண்டும். ஓர் ஊராட்சியின் கணக்கு வழியே உள்ளே நுழைந்தவர் அந்த ஊராட்சியோடு நின்றுவிடுவார் என்பதற்கு உறுதி இல்லை.

பள்ளிகள்

பள்ளிகளின் நிலை சற்று வேறு. அங்கே பணம் குறைவு, ஆனால் குழந்தைகளின் விவரம் ஏராளம். பெயர், பிறந்த நாள், ஆதார், பெற்றோரின் கைப்பேசி எண், சாதி, வருமானம் எல்லாம் எமிஸ் போன்ற தளங்களில் ஏற்றப்படுகின்றன. பெற்றோரை அழைத்து, பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி, ‘கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, இந்த க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று ஏமாற்றுவதற்கு இந்த விவரமே முதலீடு. பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் போடவோ தேவையில்லை என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை சொன்னாலே பல வீடுகள் தப்பும்.

கசிவு எப்போதும் திருட்டினால்தான் வரும் என்பதில்லை. பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீடு வழியாகத் தமிழக மாணவர்களும் அறிந்த தீக்ஷா செயலியின் தரவு, பூட்டப்படாத ஒரு மேகச் சேமிப்பகத்தில் திறந்து கிடந்தது 2023 ஜனவரியில் வெளியே தெரிந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி அதில் இருந்தன.

தாக்குபவர் பள்ளிக்குள்ளேயே இருப்பதும் உண்டு. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், கல்வி நிறுவனங்களில் உள்ளிருப்பவர்களால் நேர்ந்த 215 தரவு மீறல்களை ஆராய்ந்து, அவற்றில் 57 விழுக்காடு மாணவர்கள் செய்தவை என 2025இல் தெரிவித்தது. பலகையில் எழுதிப் போடப்பட்ட கடவுச்சொல், ஆசிரியர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே கணக்கு ஆகியவை இருக்கும் இடத்தில் இதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. சிக்கிய மாணவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் வழியேதான் காவல்துறை நடக்க வேண்டும். தலைமை ஆசிரியர் அந்தப் பையனின் கைப்பேசியை வாங்கித் தானே துழாவுவது, சான்றையும் கெடுக்கும், பையனையும் கெடுக்கும்.

மாணவியரின் படத்தை மாற்றி ஆபாசமாகப் பரப்புவது தனி வகை. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘பள்ளிப் பெயர் கெட்டுவிடும்’ என்று பேசி முடிப்பது சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையில், படத்தையே அனுப்பாமல் அதன் எண்ணடையாளத்தை மட்டும் பதியலாம். இச்சேவையில் சேர்ந்துள்ள சமூக ஊடகங்கள் அதைக் கொண்டு படத்தைத் தேடி நீக்கும்.

பணயத் தொகை கொடுக்கலாமா

அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சி 2019 மே மாதம் தாக்கப்பட்டபோது 13 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 76,000 டாலர், கேட்கப்பட்டது. நகரம் மறுத்தது. மீட்புக்கும் இழந்த வருவாய்க்குமாக சுமார் 1.8 கோடி டாலர் ஆனது. கொடுத்துவிட்டிருக்கலாமே என்று தோன்றும். கொடுத்தவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். பல நாடுகளின் பள்ளிகள் பயன்படுத்தும் பவர்ஸ்கூல் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2024 டிசம்பரில் மாணவர் தரவு திருடப்பட்டது. நிறுவனம் பணம் கொடுத்தது, தரவை அழித்துவிட்டதாகத் திருடியவர்கள் காணொளியும் காட்டினார்கள். 2025 மே மாதத்தில் டொரொண்டோ பள்ளி வாரியம் உள்ளிட்டவற்றுக்கு அதே தரவைக் காட்டி மறுபடியும் மிரட்டல் வந்தது.

பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல், இரண்டு பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், பல பணயத் தீநிரல்களுக்கான சாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் இல்லை. செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் 2017 முதல் தீநிரல் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

காப்புநகல்

எய்ம்ஸைக் காத்தது எதுவோ அதுவே பல்லடத்தையும் காக்கும். காப்புநகல் எடுக்கும் அலுவலகங்கள் குறைவல்ல. ஆனால் அந்த நகல் பெரும்பாலும் அதே கணினியின் டி டிரைவிலோ, எப்போதும் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்கிலோ இருக்கும். பணயத் தீநிரல் கணினியோடு சேர்த்து அதையும் பூட்டிவிடும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. சிறு அலுவலகத்துக்கு இதை இப்படிச் சுருக்கலாம்: இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி நகலெடுத்து, பயன்படாததைக் கழற்றி பீரோவில் பூட்டுவது. அரையாண்டு வரி வசூல் முடியும் நாளிலும் தேர்வு மதிப்பெண் ஏற்றும் நாளிலும் கூடுதலாக ஒரு நகல். அந்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகல் இருக்கிறதா இல்லையா என்பது வேண்டிய நாளில்தான் தெரியவரும்.

இதோடு சேர்ந்தது மென்பொருள் மேம்படுத்தல். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய கணினிகளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவை அவற்றில் ஓடும்.

உள்ளாட்சிகளுக்கென ஓர் அமைப்பு

அமெரிக்காவில் மாநிலங்கள், நகராட்சிகள், பள்ளி மாவட்டங்கள் ஆகியவற்றுக்கென்றே எம்எஸ்-ஐசாக் என்ற தகவல் பகிர்வு மையம் 2003 முதல் இயங்குகிறது. ஒரு சிற்றூரின் கணினியில் புதிய தீநிரல் தென்பட்டால் மற்ற ஊர்களுக்கு எச்சரிக்கை போகும். தாக்கப்பட்ட ஊருக்கு வல்லுநர் உதவி கிடைக்கும். மத்திய அரசு நிதியளித்ததால் ஊர்களுக்குச் செலவில்லாமல் இருந்தது. 2025 செப்டம்பர் 30 உடன் அந்த நிதி நின்றது. இப்போது கட்டணம் செலுத்தி உறுப்பினராக வேண்டும். செலுத்த முடியாத சிற்றூர்களே அந்த உதவி அதிகம் தேவைப்பட்டவை.

இந்தியாவில் செர்ட்-இன்னின் வழிகாட்டுதலில் நிதித் துறைக்கும் மின் துறைக்கும் தனிச் செயற்குழுக்கள் உள்ளன. உள்ளாட்சிகளும் பள்ளிகளும் பொதுவான வரிசையில்தான் நிற்கின்றன. 1930, 1800-11-4949, மாவட்டத் தகவலியல் அலுவலர், மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையம், மின்சாரத்தையும் கணினியையும் பார்த்துக்கொள்பவர் என்ற ஐந்து தொடர்புகளை எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்க ஒரு தாள் போதும். கணினிக்குள் சேமித்து வைத்தால், கணினி பூட்டப்படும் நாளில் அந்தத் தாளும் பூட்டப்பட்டிருக்கும்.